போடியிலிருந்து காக்பிட் வரை... முதல் 40 மணி நேரம் சொல்லும் உண்மை!

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகளின் உறுமல் கேட்க ஆரம்பித்துவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவை ஒன்றன் பின் ஒன்றாக ஏறும். பாதி மலையில் நின்று திரும்பிப் பார்த்தால் ஊர் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்திருக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாளில், மேலே எங்கோ ஒரு விமானம் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டே போகும்.

ஏலத்தை ஏலம் விடும் ஊர் இது. மலையில் விளையும் காய் இங்கேயும், மலைக்கு மேலே புத்தடியிலும் இருக்கும் ஏல மையங்களில்தான் விலை போகிறது. விமானம் ஏற வேண்டுமென்றால் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்குப் போக வேண்டும். ரயிலே 12 வருடங்களுக்கும் மேல் வராமல் இருந்து, அகலப்பாதையாகி 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது.

அப்படிப்பட்ட ஊரிலும் இன்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் "நான் பைலட் ஆகணும்" என்று சொல்கிறார்கள். உடனே வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். அப்பா கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" அம்மா கேட்பது, "பயமா இருக்காதா?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால், கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

"எந்த லைசென்ஸ்?"

பல லட்சங்கள் வீணாவதும் மிச்சமாவதும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

சொந்த ஜீப்பும் வாடகை ஜீப்பும்

விமானி உரிமம் என்பது ஒரே அட்டை இல்லை. நான்கு படிகள் இருக்கின்றன. நம் நாட்டில் இவற்றை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

முதல் படி, மாணவர் விமானி உரிமம். 16 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். பயிற்சியாளரின் மேற்பார்வையில் பறக்கக் கற்றுக்கொள்வதற்கான அனுமதி இது. நம்மூர் எல்.எல்.ஆர். மாதிரி.

இரண்டாவது, பி.பி.எல். என்கிற தனியார் விமானி உரிமம். இதற்கு 17 வயது. படிப்புத் தகுதி பத்தாம் வகுப்புதான். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் தன்னந்தனியாக.

மூன்றாவது, சி.பி.எல். என்கிற கமர்சியல் உரிமம். 18 வயது. 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் விமானத்துக்குப் பொறுப்பாளராக இருந்து பறந்திருக்க வேண்டும். பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் கேட்கிறார்கள். இந்த நிபந்தனையைத் தளர்த்தலாமா என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. எனவே விண்ணப்பிக்கும் நேரத்தில் விதி என்னவென்று டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. காமர்ஸ், ஆர்ட்ஸ் படித்தவர்கள் இந்த இரண்டு பாடங்களையும் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதித் தேறிவிட்டு வருவது பல வருடங்களாக இருக்கும் வழி.

நான்காவது, ஏ.டி.பி.எல். 21 வயதும் 1,500 மணி நேர அனுபவமும் வேண்டும். விமான நிறுவனத்தில் கேப்டன் இருக்கையில் உட்கார இது தேவை.

இதில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் போடிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். சொந்த ஜீப்பில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக ஒரு லைசென்ஸ். அதே ஜீப்பில் ஆளேற்றிக் காசு வாங்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் தகுதி. பி.பி.எல். வைத்திருப்பவர் விமானம் ஓட்டலாம். நண்பர்களை ஏற்றிக்கொண்டும் பறக்கலாம். ஆனால், அதற்காக ஒரு ரூபாய்கூடச் சம்பளமோ வாடகையோ வாங்கக் கூடாது. பி.பி.எல். மட்டும் கையில் இருந்தால் எந்த விமான நிறுவனமும் வேலை தராது.

"இத்தனை மாதத்தில் பைலட் லைசென்ஸ்" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், அது எந்த லைசென்ஸ் என்று முதலில் பாருங்கள்.

அந்த 40 மணி நேரத்தில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு இருக்கைகளும் ஒரே ஒரு இன்ஜினும் உள்ள சின்ன விமானத்தில்தான் பயிற்சி. செஸ்னா 152, செஸ்னா 172 போன்ற விமானங்கள். உள்ளே உட்கார்ந்தால் மாருதி 800-ல் இருப்பதைப் போலத்தான் இருக்கும்.

முதல் சில மணி நேரங்கள் நேராகப் பறக்க, திரும்ப, ஏற, இறங்கப் பழகுவதிலேயே போய்விடும். அடுத்து 'ஸ்டால்'. விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால், இறக்கைமேல் ஒழுங்காக ஓடும் காற்று கலைந்து, தூக்கும் விசை சட்டென்று குறையும். இதைப் பாதுகாப்பான உயரத்தில் வேண்டுமென்றே செய்து காட்டி, மீளவும் சொல்லித்தருவார்கள். மூக்கைத் தாழ்த்த வேண்டும் என்பதுதான் பாடம். விழுகிற மாதிரி இருக்கும்போது மேலே இழுக்கத்தான் கை பரபரக்கும். அந்த இயல்பை மாற்றத்தான் திரும்பத் திரும்பப் பயிற்சி.

பிறகு ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுவதும் இறங்குவதும். ஒரே நாளில் ஏழெட்டு முறை. ஒருநாள் விமானம் தரையில் நிற்கும்போது, பயிற்சியாளர் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிக்கொள்வார். "ஒரு ரவுண்டு போயிட்டு வா." அவ்வளவுதான். பக்கத்து இருக்கை காலியாக, ஒரு சுற்று. உலகம் முழுக்க எந்த விமானியைக் கேட்டாலும் இந்த நாளின் தேதி மனப்பாடமாக இருக்கும்.

கடைசியாக நெடும்பயணம். பி.பி.எல்.-லுக்குத் தனியாகக் குறைந்தது 5 மணி நேரம் ஊர் விட்டு ஊர் பறக்க வேண்டும். அதில் ஒரு பயணம் 150 கடல் மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர் இருக்க வேண்டும். வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நின்று புறப்பட வேண்டும். சி.பி.எல்.-லுக்கு இதே பயணம் 300 கடல் மைல். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து போடிக்கு வரும் தூரம். அதோடு இரவுப் பறப்பும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியும் சேரும்.

பி.பி.எல். எடுத்தே ஆக வேண்டுமா?

விமான நிறுவன வேலைதான் குறிக்கோள் என்றால், இந்தியாவில் பி.பி.எல். கட்டாயம் இல்லை. மாணவர் உரிமத்தோடு பயிற்சியைத் தொடர்ந்து, 200 மணி நேரம் முடித்து நேராக சி.பி.எல். வாங்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் பயிற்சி எடுப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே பி.பி.எல்., பிறகு கருவிப் பறப்புத் தகுதி, அடுத்து கமர்சியல் என்று படிப்படியாகத்தான் போவார்கள். அங்கே வாங்கிய உரிமத்தை இங்கே அப்படியே பயன்படுத்த முடியாது, டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கட்டாயம் இல்லாத ஒன்றை எதற்கு எடுக்க வேண்டும்?

முதல் காரணம், அந்த 40 மணி நேரம் வீணாவதில்லை. அது அப்படியே 200 மணி நேரக் கணக்கில் சேரும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பி.பி.எல். ஒரு நல்ல நிறுத்தம். பாதி மலை ஏறியதும் ஜீப்பை ஓரங்கட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மேலே போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடம். விமானம் என்றால் வீடியோவில் பார்ப்பது வேறு. வெயிலில் கொதிக்கும் சின்ன காக்பிட்டில், வயிற்றைப் புரட்டும்போதும் ரேடியோவில் தெளிவாகப் பதில் சொல்வது வேறு. இது நமக்குச் சரிப்படுமா என்பது முதல் 40 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அங்கே நிறுத்தினால் இழப்பு சில லட்சங்கள். 150 மணி நேரத்தில் நிறுத்தினால் இழப்பு நிலம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தனியாக ஒரு உரிமம் என்றால் தனிக் கட்டணம், தனிப் பறப்புத் தேர்வு, விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கும் நாட்கள். ஏற்கெனவே உறுதியாக இருப்பவருக்கு அது கூடுதல் சுமைதான். 'பி.பி.எல். வாங்கிட்டு, காசு சேர்ந்ததும் நாலஞ்சு வருஷம் கழிச்சு மீதியைப் பார்த்துக்கலாம்' என்ற கணக்கும் ஆபத்தானது. சமீபத்தில் எவ்வளவு பறந்தீர்கள் என்று சி.பி.எல். விண்ணப்பத்தில் கேட்பார்கள். பறக்காமல் இருந்தால் கையும் மறந்துவிடும். மறுபடி பழகுவதற்கும் மணிக்கணக்கில்தான் பில் வரும்.

பறப்பது ஒரு பாதி. இன்னொரு பாதி புத்தகம். வான் வழிகாட்டல், வானிலை, விமானச் சட்டங்கள், விமானத் தொழில்நுட்பம் என்று தேர்வுகள். 70 சதவிகிதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்கான உரிமம் தனி. பறக்கும் பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன்பே கமர்சியல் நிலைத் தேர்வுகளை எழுதி முடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதனால் பயிற்சிக் காலம் இழுக்காது. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. கேட்பது இலக்கிய ஆங்கிலம் இல்லை; சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை. சொன்னதைப் புரிந்துகொண்டு, குழப்பமில்லாமல் திருப்பிச் சொல்லத் தெரிய வேண்டும். பழகினால் வரும்.

மலை சொல்லித்தரும் வானிலை

வானிலைப் பாடத்தில் மட்டும் போடிப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. பாதிப் பாடத்தை அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே பார்த்து வளர்ந்திருக்கிறார்கள்.

ஆடி மாதத்தில் மேற்கே பாருங்கள். கேரளப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும். மேகம் மலைமுகட்டைத் தாண்டிப் பால் பொங்கி வழிகிற மாதிரி இந்தப் பக்கம் இறங்கும். கொஞ்சம் இறங்கியதும் கரைந்து காணாமல் போய்விடும். போடியில் தூறல்கூட இருக்காது. காற்று மட்டும் ஆளைத் தள்ளும். மேலேறும் காற்று குளிர்ந்து மேகமாகிறது; முகட்டைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று சூடாகி, மேகத்தைக் கரைத்துவிடுகிறது. புத்தகத்தில் படம் போட்டு விளக்கும் இந்த விஷயம் நம் ஊரில் வருடா வருடம் நடப்பது.

இதே காட்சி ஒரு சின்ன விமானத்துக்கு எச்சரிக்கையும்கூட. மலையின் காற்று மறைவுப் பக்கம், அதாவது நம் பக்கம், காற்று கீழ்நோக்கி அழுத்தும், சுழலும். முழு வேகத்தில் ஏறினாலும் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும் நிலை வரலாம். அதனால்தான் முகட்டைக் கடக்கும்போது போதிய உயரம் வைத்துக்கொண்டு, நேராக மோதுவது போலப் போகாமல், சாய்வாக நெருங்கச் சொல்லித்தருவார்கள். வேண்டாம் என்று தோன்றினால் சட்டெனத் திரும்பிக்கொள்ள அது வசதி.

வெப்பமும் ஒரு பாடம். சூடான காற்று லேசானது. உயரமான இடத்தில் இன்னும் லேசாகிவிடும். இறக்கைக்கும் இன்ஜினுக்கும் கிடைக்கும் பிடிமானம் குறையும். அதிகாலையில் எளிதாக எழும்பும் அதே விமானம், சித்திரை மாத மதியத்தில் அதிக தூரம் ஓடித்தான் எழும்பும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம், மேகத்துக்குள் போகாதே என்பது. பி.பி.எல். விமானி கண்ணால் பார்த்துப் பறப்பவர். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் மேல் எது, கீழ் எது என்று உடம்பு பொய் சொல்ல ஆரம்பிக்கும். போடிமெட்டு மூடுபனியில் ஜீப் ஓட்டுகிறவர் ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். வானத்தில் நிறுத்த இடமில்லை. முன்கூட்டியே திரும்பிவிட வேண்டும். 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்லத் தெரிவதும் விமானியின் திறமைதான்.

ஏலமலையில் ஒரு ஓடுதளம்

"எங்க ஊர்ப்பக்கம் விமானம் இறங்க ஏது இடம்?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்ற இடத்தில் தேசிய மாணவர் படைக்காக ஒரு ஓடுதளம் அமைத்திருக்கிறார்கள். நீளம் 650 மீட்டர். 2022 ஏப்ரலில் முதல் முறை இறங்க முயன்றபோது முடியவில்லை. ஓடுதளத்துக்கு அருகே இருந்த மேடு இடைஞ்சலாக இருந்தது. அதே வருட மழையில் நிலச்சரிவு ஏற்பட்டு ஒரு பகுதி சேதமானது. கடைசியில், 2022 டிசம்பர் 1 அன்று 'வைரஸ் எஸ்.டபிள்யூ.-80' என்ற இரண்டு இருக்கைக் குட்டி விமானம் அங்கே பத்திரமாக இறங்கியது.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது? தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்தால் இப்படிப்பட்ட சின்ன விமானங்களில் பயிற்சியாளரோடு பறக்கும் வாய்ப்பு கிடைக்கும். அது உரிமம் ஆகாது. ஆனால், லட்சங்களைக் கட்டுவதற்கு முன், மேலே போனால் நம் வயிறும் மனசும் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை. கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது அங்கே விமானப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏலக்காய் விலையும் மாதத் தவணையும்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம்.

பயிற்சி விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கான கட்டணமே 10,000 ரூபாயைத் தாண்டும். சி.பி.எல். முடிக்க மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்வது பத்திரம். சில விமான நிறுவனங்களின் கேடட் திட்டங்களில் இது ஒரு கோடியைத் தொடும். சி.பி.எல். வாங்கிய பிறகும் செலவு முடியாது. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற பெரிய விமானத்தை ஓட்ட அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் சில பல லட்சங்கள் ஆகும். இதை மறந்துவிட்டுக் கணக்குப் போடும் குடும்பங்கள்தான் கடைசிக் கட்டத்தில் தவிக்கின்றன.

60 லட்சம் ரூபாயை 11 சதவிகித வட்டியில் 10 வருடத்துக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணை சுமார் 82,600 ரூபாய். வேலை கிடைத்துவிட்டால் கட்டக்கூடிய தொகைதான். கிடைக்கும்வரை?

ஏலத்தோட்டக்காரர்களுக்கு ஏற்ற இறக்கம் புதிதில்லை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த மூன்று வருடங்களுக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. 2024 கோடையில் வெயில் தாங்காமல் செடிகளே கருகின. நல்ல விலை இருக்கும் வருடத்தை வைத்துப் பத்து வருடக் கணக்குப் போடக் கூடாது என்று போடியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விமானத் துறையும் அப்படியேதான். 2012-ல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி அலைந்தார்கள். புதிதாக சி.பி.எல். வாங்கியவர்களுக்கு வாசல் கதவே திறக்கவில்லை. பிறகு காற்று திசை மாறியது. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதிகள் கடுமையானபோது, போதிய விமானிகள் இல்லாமல் விமானங்கள் ரத்தானதைச் செய்திகளில் பார்த்தோம். வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனதும், இரவில் இறங்கும் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வந்ததும் அதன் பின்னணி. விமானிகள் தேவை என்பது உண்மை. ஆனால், இன்று சேரும் பிள்ளை பயிற்சி முடித்து வரும் வருடத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஏலச் செடி நட்டு மூன்றாவது வருடம்வரை காத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பொறுமை தெரியும். காத்திருக்கும் காலத்துக்கான சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று, பெரிய கல்விக் கடனுக்குப் பொதுவாக வங்கிகள் சொத்துப் பிணை கேட்கும். மலையில் நிலம் வைத்திருப்பவர்கள், தங்கள் ஆவணம் பட்டாவா, குத்தகையா என்பதை வங்கியில் முதலிலேயே காட்டிக் கேட்டுவிடுங்கள். ஏலமலைக் காட்டு நிலங்கள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. பிள்ளை சேர்ந்த பிறகு 'இந்த ஆவணம் செல்லாது' என்ற பதில் வந்தால் கஷ்டம்.

உதவிகளும் இருக்கின்றன. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் கமர்சியல் விமானி பயிற்சிக்கும் இடம் உண்டு. உத்தரப்பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சி நிறுவனம் மத்திய அரசுடையது. நுழைவுத்தேர்வு எழுதிச் சேர வேண்டும். பெங்களூரு ஜக்கூரில் கர்நாடக அரசின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது.

அந்தக் காலத்திலும் இதே கேள்விதான்

1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி சான்றிதழைப் பெற்றார். ஆசைக்காகத்தான் கற்றுக்கொண்டார். மூன்றே வருடத்தில், 1932 அக்டோபர் 15 அன்று, கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளை அவரே ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதே தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்திய விமான நிறுவனங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சரளா தக்ரால் கதை வேறு. 1936-ல், 21 வயதில், புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டி உரிமம் பெற்றவர். ஆயிரம் மணி நேரம் பறந்தார். அடுத்து கமர்சியல் உரிமம் வாங்க ஆசைப்பட்டார். 1939-ல் விமானியான கணவர் விபத்தில் இறந்துபோனார். ஜோத்பூருக்குப் பயிற்சிக்குப் போனபோது இரண்டாம் உலகப்போர் வந்து, பொதுமக்களுக்கான பயிற்சியே நின்றுபோனது. அவர் லாகூர் திரும்பி ஓவியம் கற்றார். பிறகு நகை, துணி வடிவமைப்பில் பெயர் வாங்கினார். கையில் இருந்தது தனியார் உரிமம் மட்டும்தான். ஆனாலும், விமானம் ஓட்டிய முதல் இந்தியப் பெண் என்று சரித்திரம் அவரைத்தான் சொல்கிறது.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். உஷா சுந்தரம். ஜக்கூர் பள்ளியில் கணவர் சுந்தரம் பயிற்சியாளர். 1949-ல் அங்கே பயிற்சி முடித்தார் உஷா. 1951-ல் கணவரோடு சேர்ந்து டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். பிஸ்டன் இன்ஜின் விமானத்தில் அது ஒரு சாதனை.

மூவரும் ஒரே இடத்தில்தான் ஆரம்பித்தார்கள். அதன் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை ஆசை மட்டுமே தீர்மானிக்கவில்லை. காலம், பணம், குடும்பச் சூழ்நிலை எல்லாம் சேர்ந்துதான் தீர்மானித்தன.

அம்மாவின் கேள்வி

2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் நடந்த விபத்தை டி.வி-யில் பார்த்த எந்தத் தாய்க்கும் "பயமா இருக்காதா?" என்று கேட்க உரிமை இருக்கிறது. "பயமே இல்லை" என்று பிள்ளை சொன்னால், அந்தப் பதில் சரியில்லை.

விமானப் பயிற்சி பயத்தைப் போக்குவதில்லை. அதற்கு ஒரு வேலை கொடுக்கிறது. புறப்படும் முன் எரிபொருளைக் கண்ணால் பார், அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதி, பட்டியலை வாய்விட்டுப் படி. நேற்று பார்த்தோமே என்று இன்று விடக் கூடாது. இந்த ஒழுங்கைச் சரியாகக் கற்றுத்தரும் பள்ளியா என்பதில்தான் பிள்ளையின் பாதுகாப்பு இருக்கிறது.

அதனால்தான் குறுக்குவழி ஆபத்து. பறக்காத மணி நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதை, இந்தத் துறையில் 'பார்க்கர் பேனா நேரம்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கியவர்கள் பிடிபட்டபோது நாடே அதிர்ந்தது. 'பறக்காமலே கணக்கு முடிச்சுத் தர்றோம்' என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பேனாவால் பறந்த மணி நேரம், இன்ஜின் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் உதவிக்கு வராது.

பணம் கட்டும் முன்...

முதலில் உடல் பரிசோதனை. மாணவர் உரிமத்துக்கும் பி.பி.எல்.-லுக்கும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும், சி.பி.எல்.-லுக்கு முதல் வகுப்பு வேண்டும். கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருக்க வேண்டும். நிறம் பிரித்தறிவதில் சிக்கல் இருந்தால் தடையாகலாம். குறிக்கோள் சி.பி.எல். என்றால், முதல் வகுப்புச் சான்று கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் முதல் பயிற்சிப் பள்ளிகளை டி.ஜி.சி.ஏ. வருடத்துக்கு இரண்டு முறை தரவரிசைப்படுத்துகிறது. அதையும் பாருங்கள்.

நேரில் போங்கள். எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்று கேட்காதீர்கள். இன்று எத்தனை பறக்கின்றன என்று கேளுங்கள். எத்தனை மாணவர்கள், எத்தனை பயிற்சியாளர்கள்? கடந்த வருடம் சேர்ந்தவர்கள் இப்போது எத்தனையாவது மணி நேரத்தில் இருக்கிறார்கள்? பதிலை அலுவலகத்தில் மட்டும் கேட்காமல், கேன்டீனில் மாணவர்களிடமும் கேளுங்கள்.

மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். பறக்கும் மணி நேரத்துக்கு ஏற்பப் பிரித்துக் கட்ட முடியுமா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனையாவது மணி நேரத்தில் நின்று யோசிப்போம்? அதுவரை எவ்வளவு செலவழிக்கலாம்? வேண்டாம் என்று முடிவானால் அடுத்த படிப்பு என்ன? அந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நிறுத்துவது அவமானம் இல்லை என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், 40-வது மணி நேரத்தில் அது உண்மையைச் சொல்லும். தெரியாவிட்டால், அப்பாவின் முகத்தை நினைத்து 150 மணி நேரம்வரை மறைக்கும்.

சாயங்காலம் ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கி வரும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் நல்ல டிரைவர் யாரென்று தெரியும் என்பார்கள். பிரேக்கை மட்டும் நம்பாமல், கியரைக் குறைத்து, வளைவு வளைவாக நிதானமாக இறக்குவார்கள். விமானத்திலும் அப்படித்தான். ஏறிவிடுவது சுலபம். எங்கே, எப்போது, எப்படி இறங்குவது என்று தெரிந்துகொண்டு ஏறுகிறவர்தான் விமானி.